சாவி தமிழ்ச் சொல்லா? சொற்பொருள் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியும் பிள்ளைகள் விழிப்பது ஏன்?

கேள்வி: கனடாவில் வார இறுதித் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு 11, 12 வயது. பாதிப் பேர் யாழ்ப்பாணக் குடும்பங்கள், மீதி தமிழ்நாடு. 'சாவி', 'ஜன்னல்' எல்லாம் தமிழ்தானா என்று கேட்கிறார்கள். ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அப்புறம், வாராவாரம் பத்துச் சொல் கொடுத்துப் பொருள் எழுதச் சொல்கிறேன். முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். அடுத்த வாரம் அதே சொல் ஒரு கதையில் வந்தால் விழிக்கிறார்கள். வேர்ச்சொல்லையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் சரியாகுமா? கட்டுரையில் 'சாவி' என்று எழுதினால் மதிப்பெண் குறைக்கலாமா?

பதில்:

பூட்டைத் திறக்கிற சாவி போர்த்துகீசியச் சொல். அவர்கள் மொழியில் 'ஷாவெ'. ஜன்னல் 'ஜனெலா'விலிருந்து வந்தது. மேசை, அலமாரி, கோப்பை, பொத்தான், துவாலை, பீப்பாய், மேஸ்திரி, பாதிரி எல்லாம் அதே கப்பலில் வந்தவைதான். வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டில் இறங்கினார். அடுத்த நூற்றாண்டில் முத்துக்குளித்துறை, நாகப்பட்டினம் பக்கமெல்லாம் போர்த்துகீசியர் வந்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்தை 1619 முதல் 1658 வரை நேரடியாக ஆண்டார்கள். அதனால்தான் உங்கள் வகுப்பில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கதிரை, சப்பாத்து என்பதும், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நாற்காலி, செருப்பு, ஷூ என்பதும். பின்னால் வந்த டச்சுக்காரர்கள் விட்டுப்போனது குறைவு. துட்டு, கக்கூசு, இலங்கையில் அலுவலகத்துக்குச் சொல்லும் கந்தோர் ஆகியவை அவர்கள் கணக்கு.

ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு விவசாயி "பயிர் எல்லாம் சாவியாப் போச்சு" என்றால் அந்தச் சாவி வேறு. அது 'சா' என்ற வினையடியிலிருந்து வந்த சுத்தமான தமிழ். மணி பிடிக்காமல் பதராகிப்போன கதிர் என்று பொருள். எழுத்தும் ஒலியும் ஒன்று, பிறப்பு இரண்டு. இதே மாதிரிதான் ஏலமும். ஏலக்காயின் ஏலம் வேறு, கூவி விற்கிற ஏலம் வேறு. இரண்டாவது போர்த்துகீசிய 'லெய்லாவ்'. முதலில் நின்ற லகரம் தமிழ் வாய்க்கு வராததால் உதிர்ந்துவிட்டது. ஆகவே "இந்தச் சொல் தமிழா?" என்று கேட்டால், "எந்தப் பொருளில்?" என்று திருப்பிக் கேட்பதுதான் முதல் வேலை.

எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், ஒரே ஒரு சோதனையை நம்பக் கூடாது. மொழிமுதல் எழுத்தை வைத்துச் சொல்லிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ர, ல, ட எல்லாம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது, அதனால் ராகம், லாபம், டம்பம் வெளியிலிருந்து வந்தவை. சரி. ஆனால் சாவியும் மேசையும் இந்தக் காவலைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்திருக்கின்றனவே. அதனால் அடுத்து, சொல்லுக்கு உறவுக்காரர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். 'நட' என்றால் நடை, நடப்பு, நடத்தை, நடமாட்டம், நடத்துநர் என்று பெரிய குடும்பம். பூட்டுச் சாவிக்கு அப்படி வினையும் கிடையாது, பிள்ளைகுட்டியும் கிடையாது. தமிழுக்கு வெளியேயும் உறவு தேடவேண்டும். 'கண்' தெலுங்கில் கன்னு, கன்னடத்தில் கண்ணு. ஜார்க்கண்ட் பக்கம் பேசும் குடுக்கு மொழியிலும், பலுச்சிஸ்தானில் பேசும் பிராகூயியிலும்கூட இதே சொல் 'ஃகன்' போன்ற ஒலியில் இருக்கிறது. இவ்வளவு தூரம் பரவிய சொல்லை யாரும் நேற்றுக் கடன் வாங்கியிருக்க முடியாது.

இந்த உறவுகளைத் தொகுத்து பர்ரோ, எமனோ என்ற இரண்டு மொழியியலாளர்கள் 1961இல் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி வெளியிட்டார்கள். திருத்திய பதிப்பு 1984. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாக வந்தது, பல சொற்களுக்கு மூலமொழியைக் குறிப்பிடுகிறது. இரண்டையும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். ஃபேஸ்புக்கில் வரும் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

அந்தப் பட்டியல்கள் உங்கள் வகுப்புக்கும் கட்டாயம் வந்துசேரும். "ஆங்கில எண்களே தமிழிலிருந்து போனவை, எயிட் என்பது எட்டுதான்" என்று ஒரு பையன் பெருமையாகச் சொல்வான். அவனை அதட்ட வேண்டாம், கரும்பலகையில் இரண்டு வரிசை எழுதிக் காட்டுங்கள். ஒரு பக்கம் ஜெர்மன் 'ஆஃக்ட்', லத்தீன் 'ஒக்டோ', சமஸ்கிருதம் 'அஷ்ட'. எயிட்டின் பழைய வடிவத்தில் நடுவே ஒரு ககர ஒலி இருந்தது. இன்னொரு பக்கம் தமிழ் எட்டு, கன்னடம் எண்ட்டு, தெலுங்கு எனிமிதி. நம் வீட்டிலேயே எண்பது, எண்ணூறு. எட்டின் பழைய வடிவத்தில் இருந்தது 'எண்'. இப்போது 'ஒக்டோ'வையும் 'எண்'ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒற்றுமை காணாமல் போயிருக்கும். உண்மையான உறவு என்றால் பின்னால் போகப்போக இன்னும் நெருங்க வேண்டும். தற்செயல் ஒற்றுமை பின்னால் போனால் விலகும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும்.

பையன் வாடிப்போனால் ஆறுதலுக்கும் வழி இருக்கிறது. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் இந்த மூன்றும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது உறுதி. காசு விஷயம் கொஞ்சம் வேடிக்கை. ரொக்கம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொல்லும் 'கேஷ்' பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் கிழக்கு நாடுகளின் சில்லறை நாணயத்துக்கு ஆங்கிலேயர் வைத்த 'கேஷ்' என்ற பெயர் நம் காசுதான், போர்த்துகீசியர் வாய்வழியாகப் போனது. அங்கேயும் ஒரே உருவம், இரண்டு பிறப்பு.

இனி இரண்டாவது கேள்வி. எனக்குப் பிடித்தது இதுதான்.

வேரைச் சொல்லிக்கொடுத்தால் பொருள் புரிந்துவிடும் என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. 'கழகம்' என்ற சொல்லை எடுங்கள். வள்ளுவர் "பழகிய செல்வமும் பண்பும் கெடுக்கும் கழகத்துக் காலை புகின்" என்கிறார். சூதாடும் இடம் அது. இன்றைக்குப் பல்கலைக்கழகம், போக்குவரத்துக் கழகம், அரசியல் கட்சி. (அரசியல் வேண்டாம், நகர்ந்துவிடுவோம்.) 'நாற்றம்' இன்னும் நல்ல உதாரணம். "சுவைஒளி ஊறுஓசை நாற்றம்" என்ற குறளில் அது வெறும் மணம், ஐம்புலன்களில் மூக்குக்கு உரியது. "கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ" என்று ஆண்டாள் கேட்கும்போது நறுமணம். இன்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் "உங்கள் வீட்டுப் பூ நாறுகிறது" என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். நாறு என்பதன் பழைய பொருள் தெரிந்திருப்பது அறிவுதான். அது இன்றைய வாக்கியத்தைப் புரிந்துகொள்ள உதவாது என்பது மட்டுமில்லை, சில சமயம் கெடுக்கவும் செய்யும்.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்து உரியியலில் அடுத்தடுத்துச் சொல்லும் நான்கு சூத்திரங்கள் உங்கள் வகுப்பைப் பார்த்துவிட்டு எழுதியது மாதிரி இருக்கும். "பொருட்குப் பொருள் தெரியின் அதுவரம் பின்றே": ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்ல, அந்தப் பொருளுக்கு இன்னொரு பொருள் கேட்டால் அதற்கு முடிவே இல்லை. "பொருட்குத் திரிபில்லை உணர்த்த வல்லின்": உணர்த்துகிறவர் திறமையாக உணர்த்தினால் பொருள் பிறழாது. "உணர்ச்சி வாயில் உணர்வோர் வலித்தே": புரிந்துகொள்வது கேட்பவரின் திறத்தைப் பொறுத்தது. நான்காவது, "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா": ஒரு சொல்லுக்கு இந்தப் பொருள் ஏன் வந்தது என்ற காரணம் பார்த்த உடனே தெரியாது. காரணமே இல்லை என்று அவர் சொல்லவில்லை, வெளிப்படையாகத் தெரியாது என்கிறார். சொற்பிறப்பு ஆராய்ச்சி செய்கிறவர்கள் மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டிய வரி.

நீங்கள் வைக்கும் தேர்வு முதல் சூத்திரத்தில் மாட்டிக்கொள்கிறது. 'அல்லல் – துன்பம்' என்று எழுதுகிற பிள்ளைக்குத் துன்பம் என்றால் என்ன என்று தெரியுமா? அந்தப் பிள்ளை மனப்பாடம் செய்தது ஒரு சோடி. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. திண்ணைப் பள்ளியில் நிகண்டு, அதாவது செய்யுளில் எழுதிய பழைய அகராதி, மனப்பாடம் செய்தார்களே என்பீர்கள். செய்தார்கள். ஆனால் அந்த மாணவன் கூடவே பாட்டும் படித்தான், நிகண்டில் மனனம் செய்த சொல் பாட்டில் வந்து வேலை செய்வதைப் பார்த்தான். உங்கள் பிள்ளைகளிடம் பட்டியல் மட்டும் இருக்கிறது.

சரி, எப்படிக் கேட்பது?

முதலில், ஒரு சொல் 'தெரியும், தெரியாது' என்று இரண்டாகப் பிரிவதில்லை. எட்கர் டேல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1965இல் இதை நான்கு படியாகப் பிரித்தார். பார்த்ததே இல்லை; கேட்ட மாதிரி இருக்கிறது, பொருள் தெரியாது; இன்னதோடு தொடர்புள்ளது என்று மட்டும் தெரியும்; தெரியும். பாடம் தொடங்குவதற்கு முன் பத்துச் சொல்லுக்கும் பிள்ளைகளே படி எண் போட்டுக்கொள்ளட்டும். மதிப்பெண் கிடையாது என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாரும் நான்கு போடுவார்கள்.

அப்படியும் போடுகிற ஆட்கள் இருப்பார்கள். அதற்குப் பால் மியாரா என்பவர் 1980களில் பரப்பிய ஒரு தந்திரம் உண்டு. உண்மைச் சொற்களுக்கு நடுவே இல்லாத சொற்களைக் கலந்துவிடுவது. 'பிழுவம்', 'மிதழல்' மாதிரி தமிழ்ச் சாயலோடு இருக்க வேண்டும், பொருள் இருக்கக் கூடாது. மிதழலும் தெரியும் என்று ஒருவர் சொன்னால், மற்ற பதில்களையும் எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். போலிச் சொல்லை உருவாக்கிவிட்டு பேரகராதியில் ஒருமுறை தேடிவிடுங்கள். நாம் கற்பனை என்று நினைப்பது ஏதாவது ஒரு நிகண்டில் யானைக்கோ தாமரைக்கோ பெயராக இருந்து தொலைக்கும்.

அடுத்து, கொள்குறி வினா. நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் பத்துக் கேள்வியில் இரண்டு மூன்று குருட்டாம்போக்கில் விழுந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் தவறான விடைகள் அசடாக இருப்பது. 'தயக்கம் என்றால் என்ன? அ) மேசை ஆ) யானை இ) பின்வாங்கும் உணர்வு ஈ) மழை' என்று கேட்டால் தமிழே தெரியாதவனும் இகரம் போடுவான். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

மாமா நூறு டாலர் நோட்டை நீட்டினார். வாங்கக் கையைத் தூக்கிய கவின், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டான். கவின் என்ன செய்தான்? அ) மறுத்தான் ஆ) தயங்கினான் இ) வெறுத்தான் ஈ) ஏமாந்தான்.

நான்கும் வினை, நான்கும் மனம் சம்பந்தப்பட்டவை, நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு பழக்கமான சொற்கள். மறுத்தான் என்று போடுகிற பிள்ளைக்குச் சொல்லின் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை என்று புரியும். அந்தத் தவறு உங்களுக்கு ஒரு தகவல். யானை என்று போட்டிருந்தால் தகவல் எதுவும் கிடைத்திருக்காது.

நான் அதிகம் பரிந்துரைப்பது சேர்க்கைச் சோதனை. எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பது. ஒரு கட்டம் போடுங்கள். மேலே கை, துணி, பாத்திரம், பல், வாசல். பக்கவாட்டில் கழுவு, துவை, அலசு, துலக்கு, பெருக்கு. சேரும் கட்டத்தில் சரிக்குறி போடச் சொல்லுங்கள். வெளிநாட்டில் வளரும் பிள்ளைக்குத் தலைக்குள் ஆங்கிலத்தின் ஒரே வினை ஓடிக்கொண்டிருக்கும், அதனால் எல்லாவற்றையும் கழுவிவிடும். "துணியைக் கழுவினேன்" என்பதை நீங்களே கேட்டிருப்பீர்கள். துவைப்பதற்கும் அலசுவதற்கும் வித்தியாசம் கேட்டால், சோப்புப் போட்டு அடிப்பது எது, கடைசியில் நல்ல தண்ணீரில் முக்கி எடுப்பது எது என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத்தான் சொல் கைவசம் ஆகியிருக்கிறது. இதற்குத் 'துவைத்தல் – தூய்மை செய்தல்' என்ற பட்டியல் ஒரு காசுக்கும் உதவாது.

இதில் ஒரு எச்சரிக்கை. யாழ்ப்பாண வீட்டில் உடுப்பைத் தோய்ப்பார்கள், துவைக்க மாட்டார்கள். சாவியைத் திறப்பு என்பார்கள். விடைத்தாள் தயாரிப்பவர் தமிழ்நாட்டுக்காரர் என்றால் இவை பிழையாகிவிடும் அபாயம் உண்டு. எதிர்ப்பக்கமும் அப்படித்தான், புறப்படு என்ற பொருளில் யாழ்ப்பாணத்தில் சொல்லும் 'வெளிக்கிடு' மதுரைப் பிள்ளைக்குப் புரியாதது அதன் தமிழறிவுக் குறை ஆகாது. கேள்வித்தாளை மற்றப் பக்கத்துப் பெற்றோர் ஒருவரிடம் காட்டிவிட்டு அச்சடியுங்கள். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இலங்கை வழக்குகளைத் தனியாகக் குறித்துத் தருவதால் சந்தேகம் வந்தால் அதைப் பார்க்கலாம். வாக்கிய உதாரணமும் தருகிறது என்பதால் கேள்வி தயாரிக்கவும் அதுவே வசதி.

வேர் எங்கே உதவும்? கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற சொற்களில். நட, நடத்து என்று தெரிந்த பிள்ளையிடம் முன்பின் பார்க்காத 'நடைமுறை'யை ஒரு வாக்கியத்தில் வைத்துக் கேளுங்கள். ஓட்டுநர், நடத்துநர் சொல்லிக்கொடுத்துவிட்டு 'இயக்குநர்' யாராக இருக்கும் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். சொல்லாக்கம் பிடிபட்டதா என்பதை இது சோதிக்கும், மனப்பாடத்தால் தப்பிக்க முடியாது. தமிழில் ஒரு வினையடி பிடிபட்டால் கூடவே பத்துப் பதினைந்து சொல் இலவசமாக வரும், அந்த வசதியை விடாதீர்கள். கடன் சொற்களின் கதை இதில் சேராது. சாவியின் போர்த்துகீசிய மூலம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கதவு திறக்கும். அந்தக் கதைகளைச் சுவைக்காகச் சொல்லுங்கள், தேர்வில் கேட்காதீர்கள். சொல் தமிழாகவும் சரக்கு வெளிநாடாகவும் இருக்கும் மிளகாயைச் சொன்னால் வகுப்பு களைகட்டும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காய்க்கு, அதுவரை உறைப்புக்குப் பயன்பட்ட மிளகின் பெயரையே வைத்தார்கள். கொய்யாவும் அன்னாசியும் பப்பாளியும் பெயரையும் கூடவே கொண்டுவந்தன.

கடைசியாக மதிப்பெண். 'சாவி' என்று எழுதியதற்குக் குறைக்காதீர்கள். குறைக்க ஆரம்பித்தால் மேசையில் நிற்காது. வசூல், பாக்கி, ரசீது, வக்கீல், வாரிசு, அசல், நகல் எல்லாம் அரபி, பாரசீகம் வழி வந்தவை. ஆயிரமும் சமஸ்கிருத 'சகஸ்ர'த்திலிருந்து வந்தது என்பதுதான் மொழியியலாளர் பலர் கருத்து, கன்னடத்தில் அது இன்னும் 'சாவிர'. அகராதி என்ற சொல்லிலேயே பின்பாதியான 'ஆதி' வடமொழி. வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதி என்று பெயர் வைத்தபோது அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. தொல்காப்பியரே இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்கையும் செய்யுளுக்குள் அனுமதித்தவர். வடசொல்லுக்கு அவர் போட்ட நிபந்தனை, வடவெழுத்தை விட்டுவிட்டுத் தமிழ் எழுத்தில் வரவேண்டும் என்பது. சாவியில் அப்படி ஒரு எழுத்தும் இல்லை. ஜன்னலின் ஜகரம் உறுத்தினால் சன்னல் என்று எழுதலாம், யாழ்ப்பாணத்தில் யன்னல் என்பார்கள், மூன்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

திறவுகோல், காலதர் போன்ற சொற்களைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி என்று உடைத்துக் காட்டினால் பிள்ளைகளுக்கு மறக்காது. ஆனால் அதைச் சோதிக்கும்போது 'ஜன்னலுக்குத் தூய தமிழ்ச் சொல் எழுதுக' என்று கேட்க வேண்டாம். காலதர் வரும் ஒரு பத்தியைக் கொடுத்து, அந்த அறைக்குள் வெளிச்சம் எப்படி வந்தது என்று கேளுங்கள்.